கழற்ற முன் ஒரு படம்

இறக்காமத்தில் பழைய சைக்கிள் ஒன்றாவது சாய்ந்து கிடக்காத வளவு குறைவு. வயலுக்கும் குளக்கட்டுக்கும் போய்வந்த வாப்பாமாரின் வண்டிகள் அவை. வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்ததும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒதுங்கின. டயர் உக்கி, செயின் துருவேறி இறுகியிருக்கும். பிரேம் மட்டும் ஒன்றும் ஆகாமல் நிற்கும். 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதை அரசாங்கம் நிறுத்தியபோது இவற்றுக்கு மறுபடி மவுசு வந்தது. புதுச் சைக்கிளின் விலையோ கிட்டப் போக முடியாதபடி ஏறியிருந்தது. அதனால் றலி ஒன்றின் பிரேம், லுமாலாவின் ஹேண்டில், இந்திய வண்டியின் சக்கரம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒன்றைக் கட்டினார்கள். பெற்றோல் வரிசை முடிந்த பிறகும் சில இளைஞர்கள் அந்த வேலையை விடவில்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்கள் அவர்களுக்கு அதிலேயே போகின்றன.

சைக்கிள் கட்டுவது வெளியிலிருந்து பார்க்க இலேசான வேலை. ஸ்பெனரோடு உட்கார்ந்தால் முதல் வில்லங்கம் ஹப்பும் ரிம்மும். பழைய ஆங்கில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் 36. கூட்டினால் இரண்டு கணக்கும் 72தான். ஆனால் 40 துளை ஹப்பை 36 துளை ரிம்மில் ஒழுங்காகக் கோத்தெடுக்க முடியாது. அடுத்தது மரை. இடப்பக்கப் பெடல் எதிர்த்திசையில் சுழன்று கழலும். தெரியாதவன் பலத்தைக் காட்டி கிறாங்கின் மரையையே தின்னவைத்துவிடுவான். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது காலங்குலக் குண்டுகள். கிறீஸோடு சேர்ந்து அவை மண்ணில் உருண்டால் தேடிப் பொறுக்கவேண்டும். எல்லாம் பொருந்தி முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று அமைந்தால், 28 அங்குலச் சக்கரத்தில் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் போகலாம். மேடு பள்ளமில்லாத நம்முடைய வயல் வழிக்கு அது தாராளம்.

இங்கேதான் சட்டைப்பையிலுள்ள போன் கெமரா வேலைக்கு வருகிறது. சைக்கிள் கடைக் காக்காவிடம் ஒரு பை நிறைய உதிரிகளைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவர் முதலில் கேட்பது, “கழட்டுறதுக்கு முதல் ஒரு போட்டோ புடிச்சி வெச்சீங்களா தம்பி?” என்பதுதான். வாசர் கோனுக்கு உள்ளேயா வெளியேயா, மட்காட் கம்பி எந்த நட்டுக்கு அடியில் போகிறது, கொட்டர் பின் எந்தப் பக்கமிருந்து இறங்கியிருந்தது என்பதெல்லாம் அடுத்த வாரம் நினைவில் நிற்காது. கழற்றிய ஒழுங்கிலேயே வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாகப் பரப்பி, அளவு தெரிய ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலேயிருந்து எடுத்த ஒரு படம் போதும். பிளாஷ் வேண்டாம், கிறீஸ் பட்ட இரும்பில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெறித்து, பார்க்கவேண்டிய மரையை மறைத்துவிடும். யன்னலோரத்து வெளிச்சமே நல்லது. வெளிச்சம் காணாதென்றால் போனை முக்காலியில் சாய்த்துவைத்து, இரண்டு செக்கன் டைமர் போட்டுக் கையை எடுத்துவிடலாம்.

இதற்கு விலை கூடிய கெமரா தேவையா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை ஸ்டூடியோவில் தெளிவாக அச்சடிக்க இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அலுமாரியில் தூங்கும் பழைய டிஜிட்டல் கெமராவிலும் அதைவிடக் கூட இருக்கும்.

சைக்கிளும் கெமராவும் ஒரே மேசையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரைட் சகோதரர்களைவிடப் பெரிய சாட்சி இல்லை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892இல் சைக்கிள் கடை போட்டவர்கள், 1896இலிருந்து சொந்தமாகச் சைக்கிள் கட்டி விற்றார்கள். 1901இல் காற்றின் விசையை அறிய, ஒரு சைக்கிளின் ஹேண்டிலுக்கு முன்னால் மூன்றாவது சக்கரமொன்றைக் கிடையாகப் பூட்டி, அதில் தகடுகளை நிறுத்தி, வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள். 1903 விமானத்தின் காற்றாடிகளைச் சுழற்றியதும் செயினும் பற்சக்கரமும்தான். வீட்டுக் கொட்டகையை இருட்டறையாக்கித் தங்கள் படங்களைத் தாங்களே கழுவினார்கள். 1903 டிசம்பர் 17 காலை, அந்த விமானத்தின் முதற் பறப்பின்போது, சகோதரர்களில் ஒருவரான ஓர்வில் முக்காலியில் நிறுத்திவைத்த கெமராவின் ரப்பர் குமிழை அழுத்தியவர் அருகிலிருந்த உயிர்காப்பு நிலையத்து ஊழியர் ஜோன் டானியல்ஸ். கெமராவோடு பழக்கமே இல்லாத மனிதர். உலகமே பார்த்த படம் அவருடையது.

எனக்கு அதைவிட மூன்று நாளுக்கு முந்திய படம்தான் பிடிக்கும். டிசம்பர் 14இல் சரியாகப் பறக்காமல் மணலில் விழுந்த இயந்திரத்தில் வில்பர் இன்னும் படுத்திருக்கிறார், முன்பக்கம் சேதமாகியிருக்கிறது. தோற்றதையும் ஒரு கண்ணாடித் தகட்டைச் செலவழித்து எடுத்துவைத்திருக்கிறார்கள்! நம் பிள்ளைகள் போனில் செலவேயில்லாமல் எடுக்கலாம், ஆனாலும் பெயின்ற் காயும் வரை கெமராவைத் திறப்பதில்லை.

ஸ்கொட்லாந்துக்காரர் கிரேம் ஓப்றியின் கதை வேறு வகை. அவர் தானே கட்டிய சைக்கிளில் உடுப்புக் கழுவும் இயந்திரத்தின் பெயாரிங் இருந்தது. ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓடும் சாதனைக்காக 1993 ஜூலை 16 அன்று நோர்வேயில் தொழில்முறையில் செய்யப்பட்ட பிரதி ஒன்றில் ஓடித் தோற்றார். மறுநாள் காலை தன் பழைய வண்டியில் ஏறி 51.596 கிலோமீற்றர் ஓடி, ஒன்பது ஆண்டு நின்ற சாதனையை முறித்தார். ஆறே நாளில் அதுவும் முறிந்தது வேறு விஷயம்.

நம்முடைய நாட்டிலும் இப்படியொரு கைவேலை இருந்தது. தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். யார் வீட்டில் எந்த வயரை எங்கே பொருத்தினார்கள் என்பதை இன்று பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

முடிந்த வண்டியைப் படமெடுப்பதிலும் சில நுட்பங்கள் உண்டு. செயின் பக்கம் கெமராவைப் பார்க்கவேண்டும். வேலை முழுதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. போன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. கிட்ட நின்றால் முன் சக்கரம் வீங்கிப் பின் சக்கரம் சுருங்கும். பத்தடி பின்னால் போய், குந்தியிருந்து, பெடலுக்குச் சற்று மேலான உயரத்தில் எடுத்துப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். குளக்கட்டுப் பின்னணி அழகுதான், ஆனால் புல்லுக்கும் மரக்கிளைக்கும் நடுவே கம்பிகள் காணாமல் போய்விடும். வெறும் மதில் உத்தமம். வெளிச்சத்துக்கு அசருக்குப் பிந்திய நேரம். நண்பகல் வெயிலில் கறுப்புப் பிரேம் கரிக்கட்டையாகவும் ஹேண்டில் கண்ணைக் குத்தும் வெள்ளையாகவும்தான் வரும்.

எடுத்ததை ஒரே போனில் விட்டுவைக்காமல் இன்னொரு இடத்திலும் சேமிப்பது நல்லது. 1913 டேட்டன் வெள்ளத்தில் ரைட்டுகளின் தகடுகள் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. முதற் பறப்பின் தகடும் சேதமானது. மார்கழி மழையில் நம் வீடுகளுக்குள் தண்ணீர் வருவது யாருக்கும் புதிதல்ல. ஒரு பிரதியைக் கட்டாரிலிருக்கும் மச்சானுக்கு அனுப்பிவிடலாம். மற்றொன்றை சைக்கிள் கடைக் காக்காவுக்குக் காட்டவேண்டும். மதிலோரத்து முழுப் படத்தை அவர் ஒரு விநாடிகூடப் பார்க்கமாட்டார், விரலால் தள்ளித் தள்ளி, ஹப் திறந்து கிடக்கும் படத்தில் நிறுத்திப் பெரிதாக்கி, “இந்தக் கோன் எங்க எடுத்தீங்க? இன்னொண்டு கிடைக்குமா?” என்பார்.