கோர்வைக்குச் சொந்தக்காரர் யார்?

1966ல் சென்னை மியூசிக் அகாடமி பாலக்காடு மணி அய்யருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்தபடியாக உமையாள்புரம் சிவராமன் அதைப் பெற்றது 2001ல். நடுவே 35 ஆண்டுகள். பாலக்காடு ரகு, வேலூர் ராமபத்ரன், டி.கே. மூர்த்தி, காரைக்குடி மணி என்று பெரிய கைகள் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆளில்லாத குறை என்று யாரும் சொல்ல முடியாது. 2001க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் ராமபத்ரன், ரகு, திருச்சி சங்கரன் ஆகிய மூவருக்கும் அந்தப் பட்டம் வந்து சேர்ந்தது என்பதும் அதைத்தான் காட்டுகிறது. இவ்வளவு தாமதத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் முக்கியமானது என்று நான் கருதுவது இது: தாளக் கலைஞரை நாம் வாசிப்பவராக மட்டுமே கணக்கில் வைத்திருக்கிறோம். அவர் இயற்றுபவரும்கூட என்பதை ஒப்புக்கொண்டதே இல்லை. கச்சேரி, வகுப்பு, இயற்றல் என்று அவருடைய தொழிலை மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். உண்மையில் மற்ற இரண்டுக்கும் சரக்கு கொடுப்பது இயற்றல்தான். பெயரும் பணமும் கிடைக்காமல் இருப்பதும் அதற்குத்தான்.

கச்சேரியில் தாளக் கலைஞர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை என்று வைத்தால் மொத்தம் 32. ‘ததிகிணதொம்’ என்ற சொல்லுக்கு 5 மாத்திரை. அதை இரண்டு முறை சொன்னால் 10. இந்தப் பத்தை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 10, 1, 10, 1, 10. கூட்டினால் சரியாக 32. கடைசி ‘தொம்’ முடிந்த மறு நொடியில் தாளத்தின் முதல் தட்டு விழுகிறது. இதே 32ஐ 8, 4, 8, 4, 8 என்றும் பிரிக்கலாம். 6, 7, 6, 7, 6 என்றும் பிரிக்கலாம். கணக்குக்கு மூன்றும் ஒன்றுதான், காதுக்கு மூன்றும் வேறு. முதலாவது மூச்சுவிடாமல் ஓடுகிறது. மூன்றாவதில் சொல்லைவிட மௌனம் நீளமாக இருப்பதால், அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று கேட்பவர் காத்திருக்கிறார். பாட்டு தாளத்தின் முதல் தட்டில் தொடங்காமல் அரை அட்சரம் தள்ளி எடுத்தால் 32 போதாது, 34 வேண்டும். அப்போது 10, 2, 10, 2, 10 என்று கார்வையை நீட்ட வேண்டும், அல்லது வேறு சொற்கட்டையே தேட வேண்டும். இப்படி மூன்று முறை வந்து தாளத்தில் சரியாக முடியும் சொற்கட்டு அமைப்புதான் கோர்வை; இவை அதன் பாலபாடம். மேடையில் வாசிக்கப்படும் கோர்வை பல ஆவர்த்தனங்களுக்கு நீளும், ஏறுமுகமாக வளரும் அல்லது இறங்குமுகமாகச் சுருங்கும், நடை மாறும், முன்பாதியில் சொன்னதற்குப் பின்பாதி பதில் சொல்லும். மோரா என்ற முடிவுக் கட்டத்தை வைத்து, கோர்வையை மூன்று முறை வாசித்து, பாடகர் பல்லவியை எடுக்க வேண்டிய அந்த ஒரே புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் ஒரு முழு வடிவம் கட்டப்பட்டுவிடுகிறது.

‘இது கணக்கு, இதை எப்படி இசைப் படைப்பு என்று சொல்வது’ என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டு இல்லை, சாகித்யம் இல்லை. எண்களை மாற்றி மாற்றிப் போடுவது யாருக்கும் வரும் என்பது அவர்கள் வாதம். வெண்பாவுக்கும் சீரும் தளையும் கணக்குதான். அதனால் வெண்பா எழுதியவரைக் கணக்கர் என்று யாரும் சொல்வதில்லை. எண் சரியாக வருவது குறைந்தபட்சத் தகுதி. எந்தச் சொல்லை எந்த எண்ணுக்குள் வைப்பது, மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் கூர்மையான நாதத்தையும் இடது முகமான தொப்பியின் கும்காரத்தையும் எங்கே மாற்றி மாற்றி விடுவது, எங்கே கையை எடுத்துவிடுவது என்பதெல்லாம் அதற்கு மேலே உள்ள முடிவுகள். அவற்றை எடுப்பவர்தான் இயற்றுகிறார். மேலைநாட்டில் எட்கார் வரேஸ் 1931ல் 13 தாளக் கலைஞர்களுக்காக ‘அயனைசேஷன்’ என்ற படைப்பை எழுதினார். அதை எழுதிய காகிதம் இருந்ததால் அவரை இசையமைப்பாளர் என்று அழைப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. நம்முடைய படைப்புகள் காகிதத்தில் இல்லாமல் கையிலும் வாயிலும் இருக்கின்றன, வேறுபாடு அவ்வளவுதான்.

கையிலும் வாயிலும் இருப்பது அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி வகுப்புதான். ‘த தி தொம் நம்’ என்று தொடங்கும் மாணவன் சில ஆண்டுகளில் வந்து நிற்பது குருவின் சொந்தக் கோர்வைகளில். சொற்கட்டைக் கொன்னக்கோலாக வாயால் சொல்லி, கையில் தாளம் போட்டு, நோட்டுப் புத்தகத்தில் சொற்கட்டை எழுதிக்கொண்டு, பிறகு வாத்தியத்தில் வாசிப்பது பாடமுறை. அந்த வகையில் தாளக் கலைஞருக்கு வகுப்பறைதான் பதிப்பகம். அவர் இயற்றியது வெளியே வருவது அங்கிருந்துதான். தஞ்சாவூர் வைத்தியநாத அய்யரிடமிருந்து மணி அய்யர், டி.கே. மூர்த்தி என்று வந்தது ஒரு வழி. மான்பூண்டியா பிள்ளை, தட்சிணாமூர்த்தி பிள்ளை என்று புதுக்கோட்டையில் தொடங்கிப் பழனி சுப்பிரமணிய பிள்ளை வரை வந்தது இன்னொரு வழி. இன்றைக்கும் ஒரு கோர்வையைக் கேட்டவுடன் இது இன்ன வழி என்று சொல்லிவிடக்கூடிய காதுகள் இருக்கின்றன. அடையாளம் காணும் அளவுக்கு ஒருவருடைய நடை தனித்து நிற்கிறது என்றால், அதற்கு ஆசிரியர் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

கற்பிக்கப் போனால் வாசிப்பு மங்கிவிடும் என்ற பயம் இந்தத் தொழிலில் பழையது. மேடை கிடைக்காதவர்கள்தான் வாத்தியார் ஆவார்கள் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வருகிறது. நடந்ததைப் பார்த்தால் இரண்டுக்கும் ஆதாரமில்லை. மணி அய்யரே பிற்காலத்தில் ரிஷிவேலி பள்ளியில் இருந்து கற்பித்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான திருச்சி சங்கரன் 1971ல் கனடாவின் டொராண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கற்பித்தார். சென்னை இசை சீசனுக்கு வந்து வாசிப்பதையும் அவர் விடவில்லை. மிருதங்கம் என்றால் என்னவென்றே தெரியாத மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததால், வழிவழியாக வந்ததைத் தர்க்கமாகப் பிரித்து விளக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து கொன்னக்கோல் பற்றியும் தாள அமைப்பு பற்றியும் புத்தகங்கள் பிறந்தன. ஜாஸ் கலைஞர்களுக்கும், இந்தோனேசிய கமெலான் குழுவுக்கும் அவர் படைப்புகள் இயற்றினார். ஒரே மனிதரிடம் மூன்று வேலையும் ஒன்றையொன்று வளர்த்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இயற்றலை முன்னால் கொண்டுவந்து வைத்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், அவர்களில் பலர் வேறு வழி இல்லாமலோ, இருக்கும் வழி போதாமலோதான் அங்கே வந்திருக்கிறார்கள். காரைக்குடி மணி ‘ஸ்ருதிலயா’ என்ற பெயரில் பள்ளியும் குழுவும் அமைத்து, தாளத்தை நடுவில் வைத்து முழுநீளப் படைப்புகளை மேடையேற்றினார். ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பணியாற்றினார். 2023ல் அவர் மறைந்தபோது விட்டுச்சென்ற சீடர் கூட்டம் பல நாடுகளில் பரவியிருந்தது. கடம் இன்னும் கீழே வைக்கப்பட்ட வாத்தியம். மிருதங்கம் வாசித்து முடித்த பிறகு மிச்சத்தில் வாசிப்பது. அந்தக் கடத்தை விக்கு விநாயக்ராம், இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவின் வழியாக உலக மேடைக்குக் கொண்டுபோனார். அவர் பங்குகொண்ட ‘பிளானட் டிரம்’ என்ற தாள வாத்திய ஆல்பம் கிராமி விருது பெற்றது. அவருடைய தந்தை ஹரிஹர சர்மா 1958ல் தொடங்கிய ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயாதான் இத்தனைக்கும் வேர். அங்கே கற்ற சுக்கன்யா ராம்கோபால், பெண் என்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வித்வான்கள் மறுத்த காலத்தைக் கடந்து வந்தவர். அவர் வெவ்வேறு சுருதியுள்ள பல கடங்களை வரிசையாக வைத்து ‘கட தரங்’ என்ற வடிவத்தை உருவாக்கினார். பெண்கள் மட்டுமே கொண்ட தாளவாத்தியக் குழுவை அமைத்தார். அழைப்புக்குக் காத்திருக்கும் தொழிலில் அழைப்பு வராதவருக்குத் தன் மேடையைத் தானே கட்டிக்கொள்ள உதவியது இயற்றும் திறன்தான்.

தாளக் கலைஞரை இயற்றுபவராக ஏற்பதற்கு வரும் எதிர்ப்புகளில் நான் மிகவும் மதிப்பது ரசிகர் பக்கத்திலிருந்து வருவது. பாட்டுக்குத் துணை போவதுதான் மிருதங்கத்தின் தர்மம்; ஒவ்வொருவரும் நான் படைப்பாளி என்று கிளம்பிவிட்டால் பாட்டைக் கணக்கு விழுங்கிவிடும் என்கிறார்கள். அப்படி விழுங்கிய கச்சேரிகள் இல்லாமல் இல்லை. விளம்ப காலக் கீர்த்தனையின் நடுவில் இடமில்லாத இடத்தில் தீர்மானம் என்ற முடிப்பை வைத்துக் கைதட்டல் வாங்குவது இன்றைக்கும் நடக்கிறது. அந்தக் குறை எதிலிருந்து வருகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். தனக்கென்று கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாதிச் சபை எழுந்து காபி குடிக்கப் போய்விடும் என்று தெரிந்தவர், தன் சரக்கை வேறு எங்கே இறக்குவார்? மணி அய்யர் அரியக்குடி, செம்பை ஆகிய பாடகர்களுக்கு வாசித்தபோது பாட்டின் சங்கதியோடு கூடவே போனார் என்பதற்கு ஒலிப்பதிவுகள் சாட்சி. பழனியின் இயல்பாக ஓடும் சர்வலகு நடை பாட்டைத் தாங்கிய அழகை இன்றும் பேசுகிறார்கள். தனியில் மிகக் கடினமான வடிவங்களைக் கட்டியவர்களும் அவர்களேதான். வடிவம் தெரிந்தவருக்குத்தான் எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது.

நாகசுரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்ததில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலங்கையின் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற தவில் வித்வான்களைக் கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. ‘ஸ்பெஷல் தவில்’ என்று தனியாக அறிவித்து அழைக்கும் வழக்கம் இருந்தது. நாகசுரம் அதனால் குறைந்துபோகவில்லை. தாளத்துக்கு மரியாதை கொடுத்தால் இசை கெடும் என்பவர்களுக்கு நம் கோயில் வீதிகளே பதில் சொல்லிவிட்டன.

சட்டமும் நெடுங்காலம் தாளத்தின் பக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பு என்பதற்குக் கொடுத்த விளக்கம், மெட்டும் ஒத்திசையும் சேர்ந்தது அல்லது அவற்றில் ஒன்று, அதுவும் எழுத்தில் பதிந்தது என்பதாக இருந்தது. எழுதாத, மெட்டு இல்லாத ஒரு கோர்வை அதற்குள் நுழையவே முடியாது. 1994 திருத்தம் அந்த விளக்கத்தை விரித்து, இசையால் ஆன படைப்பு என்று பொதுவாக்கியது. நிகழ்த்தும் கலைஞருக்கும் தனி உரிமை கொடுத்தது. கதவு திறந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் ஆல்பங்களில் பாட்டுக்கு ராகம், தாளம், இயற்றியவர் பெயர் எல்லாம் அச்சாகின்றன. தனி ஆவர்த்தனத்துக்கு ‘தனி’ என்று மட்டும்தான் போடுகிறார்கள். பரதநாட்டியத்தில் நிலைமை சற்று மேல். அங்கே ஜதி அமைத்துக் கொடுப்பது தனி வேலையாகக் கருதப்பட்டு, அதற்குச் சன்மானமும் பேசப்படுகிறது. சினிமாவில் டிரம்ஸ் சிவமணியும் விக்குவின் மகன் செல்வகணேஷும் இசையமைப்பாளர்களாகவே பெயர் போட்டார்கள். ஆனால் அதற்கு அவர்கள் பாட்டுப் போட வேண்டியிருந்தது.

கோர்வை பொதுச்சொத்து, ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்து வாசிப்பதால்தான் இந்தக் கலை வளர்ந்தது, அதில் பெயர் ஒட்டினால் வழக்கு வம்புதான் வரும் என்று வித்வான்களிலேயே சிலர் நினைக்கக்கூடும். எடுத்து வாசிப்பதைத் தடுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தியாகராஜர் கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடுகிறார்கள். அவற்றில் அவருடைய பெயரே முத்திரையாக இருக்கிறது. அந்த முத்திரையால் பாட்டு பரவுவது நின்றுபோகவில்லை, யாருடையது என்பது மட்டும் மறக்காமல் இருக்கிறது. கோர்வைக்கு முத்திரை வைக்க இடமில்லை. ஆகவே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியது வாசிப்பவருடைய வாயும் அச்சிடுபவருடைய காகிதமும்தான்.

இன்று இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞருக்கு முன்னால் உள்ள கணக்கு எளிதல்ல. ஆண் குரலுக்கு ஒரு கட்டை சுருதி, பெண் குரலுக்கு ஐந்து கட்டை சுருதி என்று குறைந்தது இரண்டு மிருதங்கம் வேண்டும். வலந்தலையின் கரும்பூச்சான கரணை தேய்ந்தால் மாற்ற வேண்டும். தோல் மூட்டு வேலைக்காரரிடம் காத்திருக்க வேண்டும். கச்சேரிச் சன்மானம் பாடகருடையதில் சிறு பங்கு. சீசன் முடிந்தால் அதுவும் குறைந்துபோகிறது. பெரும்பாலானவர்களுக்கு அடுப்பு எரிவது வகுப்பால்தான்: அரசு இசைப்பள்ளி, வீட்டு வகுப்பு, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம். அந்த வகுப்புக்கு மாணவர்கள் வருவது அவருடைய சொந்தச் சரக்குக்காக. அதற்கு ஒரு பெயர்கூடக் கொடுக்காமல் கலையைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது நியாயமில்லை.

சபாக்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் ராகம் தாளத்தோடு தனியின் கோர்வை யாருடையது என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். ஒலிப்பதிவு வெளியிடும் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் போடலாம். இசைக் கல்லூரிகள் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் இருப்பதை அவரவர் குருவின் பெயரோடு தொகுத்து அச்சிடலாம். ரசிகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த கச்சேரியில் தனி தொடங்கும்போது எழுந்து போகாதீர்கள். தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். முடிந்ததும் வித்வானிடம் போய், அந்தக் கோர்வை யார் போட்டது என்று கேளுங்கள்.