உங்களுக்குத் தெரியுமா? டிவியில் ஓடிய சோனிக், கைக்குள் ஓடிய கதை

சேகா நிறுவனத்தின் நீல முள்ளெலி சோனிக்கை அறியாத வீடியோ கேம் பிரியர் இல்லை. அதன் முதல் ஆட்டம் டிவியில் ஒரு விதம், கையடக்கக் கருவியில் வேறு விதம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போமா?

● 1991 ஜூனில் அமெரிக்காவில் ஜெனிசிஸ் கருவிக்கு சோனிக் வெளிவந்தது. மற்ற நாடுகளில் அதே கருவியின் பெயர் மெகா டிரைவ். அந்த ஆண்டு முடிவதற்குள் மாஸ்டர் சிஸ்டத்துக்கும், கையடக்கமான கேம் கியருக்கும் தனிப் பதிப்புகள் வந்துவிட்டன.

● இந்தச் சிறிய பதிப்புகளை உருவாக்கியது ஏன்ஷியண்ட் நிறுவனம். இசையமைப்பாளர் யூசோ கோஷிரோ, தம் அம்மாவோடும் தங்கையோடும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது.

● மெகா டிரைவின் மூளை மோட்டோரோலா 68000 சிப். ஒலியைக் கவனிக்க இசட்80 என்ற துணைச் சிப்பும் உண்டு. கேம் கியரிலோ அந்த இசட்80தான் எல்லாம்! அங்கே எடுபிடி வேலை பார்த்த சிப், இங்கே முழு ஆட்டத்தையும் தனியாகச் சுமந்தது.

● மெகா டிரைவ் சோனிக்கின் திரை 320×224 புள்ளிகள். கேம் கியர் திரை 160×144. கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

● நிறத்தில் மட்டும் சின்னவனுக்குப் பெரிய கை! மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும். கேம் கியருக்கோ 4,096 நிறங்கள். ஆனால் ஒரே நேரத்தில் திரையில் காட்டக்கூடியவை 32தான்.

● சோனிக் தலைகீழாகச் சுற்றி ஓடும் வட்டப் பாதைகள் கேம் கியரில் இல்லை. ஈடாக பிரிட்ஜ், ஜங்கிள், ஸ்கை பேஸ் என மூன்று புத்தம் புதிய உலகங்கள் கிடைத்தன.

● மெகா டிரைவில் அடிபட்டால் வளையங்கள் சிதறும், ஓடிப்போய் அள்ளிக்கொள்ளலாம். கேம் கியரில் போனது போனதுதான்.

● மெகா டிரைவில் 50 வளையங்களோடு கட்டத்தை முடித்து, சுழலும் புதிருக்குள் நுழைந்தால்தான் மரகதக் கல் கிடைக்கும். கேம் கியரில் அந்த ஆறு கற்களும் உலகத்துக்கு ஒன்றாகப் பாதையிலேயே ஒளிந்திருக்கும். வேகத்தைக் குறைத்து, தேடலைக் கூட்டினார்கள்.

● ஜங்கிள் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் ஏறிக்கொண்டே போக வேண்டும். மாஸ்டர் சிஸ்டத்தில் திரை கீழே இறங்காது. கால் தவறினால் உயிர் போகும். கேம் கியரில் திரையும் கூடவே இறங்கி வரும். சிறிய திரையில் ஆடுபவருக்குக் காட்டிய கருணை அது.

● 1992-இல் வந்த இரண்டாம் சோனிக்கில் அந்தக் கருணை இல்லை. முதல் உலகத்தின் முடிவில், குழியானை போன்ற இயந்திரப் பகைவன் முன் உருண்டு வரும் குண்டுகள், கேம் கியரில் மிக அருகில் வந்த பிறகே கண்ணில் படும். தொடக்கத்திலேயே பலர் தோற்ற இடம் இது.

● 2006-இல் மெகா டிரைவ் ஆட்டத்தை கேம்பாய் அட்வான்ஸுக்கு அப்படியே கொண்டுவந்தார்கள். அதன் சிப்பின் வேகம் 68000-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் ஆட்டம் திணறித் திணறி ஓடி, கடும் விமர்சனத்துக்கு ஆளானது. கருவிக்கேற்ற வேலைப்பாடு இல்லாவிட்டால் வேகமான சிப்பும் கைகொடுக்காது.

● 2013-இல் கிறிஸ்டியன் வைட்ஹெட் அதே ஆட்டத்தைக் கைபேசிக்காக அடியிலிருந்து மறுபடி எழுதினார். அகலத் திரை நிறைய, நொடிக்கு 60 படங்களாக சோனிக் மறுபடி பாய்ந்தது. 22 ஆண்டுகளுக்கு முன் ஏன்ஷியண்ட் பிடித்த வழியும் அதுவே: கையிலிருக்கும் கருவியை அறிந்து, அதற்கென்றே செய்வது.