பழைய மியூரா விலைக்கு வந்தால் எதைப் பார்க்கிறார்கள்?

1960களின் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் சேகரிப்பாளர்கள் விடாமல் தேடும் வண்டி லம்போர்கினி மியூரா. 1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் அதன் வெறும் சேசிஸைத்தான் வைத்தார்கள். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் முழு வண்டியும் வந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி. அப்போது அவருக்கு வயது 27. தயாரிப்பு 1973இல் நின்றபோது மொத்தம் சுமார் 760 வண்டிகளே வெளிவந்திருந்தன.

எண்ணிக்கை குறைவு என்பதால் விலை அதிகம், சரி. ஆனால் ஒரே ஆண்டில் வந்த இரண்டு மியூராக்களின் விலையில் பெரிய வித்தியாசம் இருப்பது ஏன்?

எந்த வகை?

முதலில் வந்தது பி400, 350 குதிரைத்திறன். 1968 இறுதியில் வந்த எஸ் வகைக்கு 370. 1971இல் வந்த எஸ்.வி.க்கு 385. எஸ்.வி. சுமார் 150 மட்டுமே செய்யப்பட்டன. ஏலத்தில் அவை 20 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கின்றன. பார்த்ததும் அடையாளம் காண்பது எளிது: முந்தைய வகைகளின் முகப்பு விளக்கைச் சுற்றிக் கண்ணிமை முடிபோலக் கறுப்புப் பட்டைகள் இருக்கும், எஸ்.வி.யில் இருக்காது. பின்சக்கரங்களுக்கு மேலே உடலும் அகன்றிருக்கும்.

உள்ளே இருக்கும் வித்தியாசம் இன்னும் முக்கியம். 3,929 சி.சி., 12 சிலிண்டர் இன்ஜினை இருக்கைக்குப் பின்னால் குறுக்குவாட்டில் வைத்தார்கள். இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்பில் அடக்கி, இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஓடவிட்டார்கள். கியர் பற்கள் தேய்ந்து விழும் உலோகத் துகள் அந்த ஆயிலோடு இன்ஜினுக்குள்ளும் போகும். கடைசியாக வந்த எஸ்.வி.க்களில் பலவற்றில் இரண்டுக்கும் ஆயிலைப் பிரித்துவிட்டார்கள். அந்த வண்டிகளுக்குத் தனி விலை.

கைபடாத வண்டி

பளபளப்பாக இருப்பதெல்லாம் நன்றாகக் காக்கப்பட்ட வண்டி ஆகிவிடாது. அடிவரை சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, இருக்கைக்குப் புதுத் தோல் போட்டால் அது மீட்டெடுத்த வண்டி. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், முதல் தோல் இருக்கை, முதல் இன்ஜின் ஆகியவற்றோடு, கொஞ்சம் மங்கிய நிலையில் இருந்தாலும், தாக்குப்பிடித்து நிற்பதுதான் கைபடாத வண்டி. மீட்டெடுக்கும் வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சுரண்டிய பழைய பெயிண்ட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது இதற்காகத்தான்.

எப்படிச் சரிபார்ப்பது?

நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்தைக் கேட்பதுபோல, இங்கே எண்களைக் கேட்பார்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், உடலுக்குப் பெர்டோனே கொடுத்த எண் மூன்றும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். முதலில் அடித்த நிறமும் இருக்கையின் நிறமும் அந்தப் பதிவோடு பொருந்த வேண்டும். லம்போர்கினியின் போலோ ஸ்டோரிக்கோ என்ற பிரிவு பழைய ஆவணங்களைப் பார்த்துச் சான்று தருகிறது.

ஆவணங்கள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1969இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஓர் ஆரஞ்சு நிற மியூரா போகும். படத்தில் அது நொறுங்குவதாகக் காட்டினாலும், நொறுங்கியது ஏற்கெனவே விபத்தில் சிக்கிய வேறொரு வண்டி. ஓட்டிக் காட்டிய வண்டி எது என்பது பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. படப்பிடிப்பில் பாழாகிவிடக் கூடாது என்று அதன் வெள்ளைத் தோல் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கறுப்பு இருக்கைகளைப் போட்டிருந்தார்கள். தலை சாய்க்கும் பகுதியை மட்டும் கழற்ற நேரமில்லாமல் வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். ஆவணங்களையும் பழைய ஊழியர்களின் நினைவுகளையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்து, 3586 என்ற சேசிஸ் எண் கொண்ட வண்டிதான் அது என்று 2019இல் நிறுவனம் சான்றளித்தது.

காகிதத்தோடு நின்றுவிட முடியாது, உடலையும் பார்க்க வேண்டும். மியூராவின் நடுப்பகுதி இரும்புத் தகடு. முன்னும் பின்னும் மேலே தூக்கித் திறக்கும் மூடிகள் அலுமினியம். இரும்பு துருப்பிடிக்கும். எங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது, எங்கே பட்டி போட்டு மூடியிருக்கிறது என்பதைப் பெயிண்ட்டின் தடிமனை அளக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

எதை மாற்றலாம்?

கைபடாத வண்டி என்பதற்காகப் பழைய ரப்பரோடு ஓட்டக் கூடாது. மியூராவின் நான்கு வெபர் கார்புரேட்டர்களும் பந்தய வண்டிக்கேற்ற வகை. வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது அவற்றில் பெட்ரோல் தேங்கி வழியும். அதனாலேயே பல மியூராக்கள் தீப்பிடித்திருக்கின்றன. நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், டயர் ஆகியவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இதனால் மதிப்பு குறையாது. கழற்றிய பொருளை எறியாமல் வண்டியோடு வைத்திருந்தால் போதும்.

ஆகவே இப்படி ஒரு வண்டி விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால், அதன் பளபளப்பை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எண்கள் பொருந்துகின்றனவா, எது முதலிலிருந்தே இருப்பது, மாற்றியதற்குக் கணக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத மியூரா எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்கும் விலைக்குத் தகுதியானதல்ல.