ஆராய்ச்சிச்சாலைக் கழிவும் குடிநீர்க் கிணறும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூரிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பேஹாலா என்னும் குடியிருப்புப் பகுதி உள்ளது. அங்கிருந்த தொழிற்சாலை ஒன்று, ‘பாரிஸ் பச்சை’ எனப்படும் பூச்சி மருந்தை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தயாரித்து வந்தது. செம்பும் ஆர்சனிக்கும் அடங்கிய கூட்டுப்பொருள் அது. வெள்ளைப் பாஷாணத்திலுள்ள கொடிய மூலகமே ஆர்சனிக்.

தொழிற்சாலையின் கழிவுநீர் அருகிலிருந்த நிலத்தில் விடப்பட்டது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய சகாக்களும் 1993-இல் இதன் விளைவை வெளியிட்டனர். அப்பகுதிக் குழாய்க் கிணறு ஒன்றின் நீரில் லிட்டருக்கு 58 மில்லிகிராம் ஆர்சனிக் காணப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு 0.01 மில்லிகிராம், அதைப் போல் 5,800 மடங்கு! சோதிக்கப்பட்ட 79 பேரில் 53 பேரிடம் நோய்க்குறிகள் தென்பட்டன. தோலில் கரும்புள்ளிகளும், உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பும் இந்நஞ்சின் அடையாளங்கள்.

ஆராய்ச்சிச்சாலையின் கழிவு அளவில் இதைவிட மிகச் சிறியது. எனினும் காரணம் ஒன்றே. ஆர்சனிக், பாதரசம், ஈயம் ஆகியவை மூலகங்கள். அவை மக்குவதில்லை, எரிந்து அழிவதுமில்லை. நீர் ஊற்றிக் கழுவினால் அவை இடம் மாறுகின்றனவே தவிர, இல்லாமற் போவதில்லை. ஆகவே கழிவை, அது தோன்றும் மேஜையிலேயே பிடித்து நிறுத்துவதுதான் முறை.

முதற்படி, கழிவைப் பிரித்து வைத்தல். அமிலம், காரம், கரிமக் கரைப்பான், கன உலோகக் கரைசல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் புட்டி வேண்டும். புட்டியின்மேல் பொருளின் பெயரும் தேதியும் எழுதப்பட வேண்டும். பெயரில்லாப் புட்டியே எல்லாவற்றிலும் அபாயகரமானது. சயனைடுக் கழிவில் அமிலம் சேர்ந்தால் உயிர் போக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். ஆர்சனிக் உள்ள கரைசலில் துத்தநாகமும் அமிலமும் கூடினால் ஆர்சீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் ஒரே புட்டியில் சேர்ந்தால் அது வெடிக்கவும் கூடும்.

இரண்டாம் படி, நஞ்சைத் திடப்பொருளாக்குதல். ஆர்சனிக் கரைசலை முதலில் ஆக்ஸிகரணம் செய்து, பெர்ரிக் குளோரைடு சேர்த்து, சுண்ணாம்பினால் நடுநிலைப்படுத்தினால், பழுப்பு நிற வீழ்படிவு ஆர்சனிக்கைப் பற்றிக்கொண்டு அடியில் தங்கும். அதை வடிகட்டி மூடிய கலத்தில் வைக்க வேண்டும். குப்பையில் எறிந்தால் செய்த வேலை வீணாகும். வடிநீரையும் சோதித்த பின்னரே வெளியேற்ற வேண்டும்.

மூன்றாம் படி, உரியவர்களிடம் ஒப்படைத்தல். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பொதுவாக இத்தகைய கழிவை 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைத்தலாகாது. மேற்கு வங்கத்தில் ஹால்டியாவிலும், தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலும் இதற்கென நிலையங்கள் உள்ளன.

உப்புப் பகுப்பாய்வு நடத்தும் ஆசிரியர் ஈய நைட்ரேட்டுக்கென ஒரு புட்டியைத் தனியே வைத்தால், மாணவர் அப்பழக்கத்தைத் தாம் செல்லும் ஆராய்ச்சிச்சாலைக்கும் கொண்டு செல்வர். சோதனை முடிந்தது என்பது விடை கிடைத்த நேரமன்று. கழிவு பத்திரமான இடம் சேர்ந்த நேரமே ஆகும்.