சியா விதை: சாப்பிட்டா லாபம், பண்ணையில பணம் போட்டா?

போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்தது. எழுதினவர் வேலைக்குச் சேர்ந்து 4 வருஷம் ஆகுது. எமர்ஜென்சி ஃபண்டா ஒன்றரை லட்சம் சேர்த்து வெச்சிருக்கார். "அண்ணா, சியா விதைப் பண்ணையில 1 லட்சம் போட்டா மாசம் 5,000 ரூபாய் தர்றாங்களாம். விளைச்சலை அவங்களே திருப்பி வாங்கிக்குவாங்களாம். ஜிம்முல எல்லாரும் சியாதான் சாப்பிடுறாங்க, டிமாண்ட் இருக்கத்தானே செய்யும்? போடலாமா?"

வேண்டாம்னு ஒரே வார்த்தையில பதில் போட்டிருக்கலாம். ஆனா இந்தச் செடி எப்படி வளருதுன்னு தெரிஞ்சுகிட்டா, அந்த பதில் உங்களுக்கே வந்துடும். அதுக்கு முன்னாடி சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்துடுவோம். ஏன்னா அங்க நிஜமாவே லாபம் இருக்கு.

ஒரு ஸ்பூன், 6 ரூபாய்

ஒரு டேபிள்ஸ்பூன் சியா சுமார் 12 கிராம். அதுல நார்ச்சத்து 4 கிராம், புரதம் 2 கிராம், கால்சியம் 75 மில்லிகிராம் கிட்ட இருக்கும். பெரியவங்க ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காலையில 4 இட்லி, மதியம் கேன்டீன் சாதம், ராத்திரி பரோட்டான்னு ஓட்டுற நமக்கு அந்த 4 கிராம் சின்ன விஷயம் இல்ல. புரதத்துக்காக வாங்கினா மட்டும் ஏமாந்துடுவீங்க. 2 கிராம் புரதத்துக்கு ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலையே போதும்.

கிலோ 500 ரூபாய்னு வெச்சுக்குவோம். தினம் ஒரு ஸ்பூன்னா மாசம் 360 கிராம், 180 ரூபாய். ஒரு நாளைக்கு 6 ரூபாய். இதே விதை அழகான 100 கிராம் பாக்கெட்ல 150 ரூபாய்க்கு வந்தா, கிலோ 1,500 ஆயிடுச்சு. கஃபேல 250 ரூபாய் கொடுத்து வாங்குற சியா புட்டிங்ல ரெண்டு ஸ்பூன் விதை இருந்தா அதிகம். மீதிப் பணம் கண்ணாடி ஜாருக்கும் ஏசிக்கும். பாக்கெட் முன்பக்கம் 'சூப்பர்ஃபுட்'னு இருக்கிறதைப் படிக்காதீங்க, கிலோ விலை என்னன்னு போன்ல போட்டுப் பாருங்க.

ஒமேகா-3க்காகத்தான் வாங்குறீங்கன்னா, நம்ம ஊர் ஆளி விதையிலயும் அது சியா அளவுக்கு, கொஞ்சம் கூடவே இருக்கு. பெரும்பாலும் விலையும் கம்மி. ஒரே தொல்லை, அதைப் பொடி பண்ணிச் சாப்பிடணும். முழுசா முழுங்கினா அப்படியே வெளியே போயிடும். ரெண்டுலயும் இருக்கிறது தாவர வகை ஒமேகா-3. உடம்பு அதுல கொஞ்சத்தைத்தான் மீன்ல இருக்கிற வகையா மாத்திக்கும். அதனால மீன் சாப்பிடுறவங்க மத்திக் குழம்பை விட்டுட்டு இதுக்கு மாற வேண்டாம்.

ஊற வைக்கிறதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. சியா தன் எடையைப் போல பத்து மடங்கு தண்ணியை இழுக்கும். அமெரிக்காவுல 39 வயசுக்காரர் ஒருத்தர் ஒரு ஸ்பூன் விதையை அப்படியே வாயில போட்டுத் தண்ணி குடிச்சார். அது உணவுக்குழாய்லயே ஊதி அடைச்சு, டாக்டர்கள் எண்டோஸ்கோப்பி பண்ணி அடைப்பைச் சரி பண்ண வேண்டியதாப் போச்சு. 2014-ல டாக்டர்கள் மாநாட்டுலயே இதைப் பேசினாங்க. ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்க. 5 நிமிஷம் கழிச்சு மறுபடி கலக்கினா கட்டி தட்டாது. அரை மணி நேரம் கழிச்சு மோர்லயோ ராகிக் கூழ்லயோ சேர்த்துக்கலாம். முதல் வாரம் அரை ஸ்பூன் போதும், இல்லைன்னா மீட்டிங் நடுவுல வயிறு பேசும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. இன்னொண்ணு, சர்பத்துல போடுற சப்ஜா வேற, இது வேற. சப்ஜா முழுக் கறுப்பு, சில நிமிஷத்துல ஊதிடும். சியா சாம்பலும் கறுப்புமா புள்ளி புள்ளியா இருக்கும், இடையில வெள்ளையும் தெரியும்.

பால்கனியில போட்டா?

விதைக்காக வளர்த்தா கட்டுப்படியாகாது. செடி ஒரு மீட்டருக்கு மேலயே வளரும், ஒரு தொட்டிக்குக் கிடைக்கிறது சில ஸ்பூன்தான். ஆனா கீரையா வளர்க்கலாம். ஒரு தட்டுல ஈரமான டிஷ்யூ விரிச்சு, காய்ஞ்ச விதையைத் தூவி, தினம் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும். ரெண்டு வாரத்துக்குள்ள வெட்டி சாலட்ல போடலாம். செலவு ரெண்டு மூணு ரூபாய். (சூப்பர்ஃபுட் ஆகுறதுக்கு முன்னாடி அமெரிக்காவுல சியாவுக்கு இதுதான் வேலை. மண்பொம்மை மேல தலைமுடி மாதிரி முளைக்க வைக்கிற 'சியா பெட்', 1980-கள்ல டிவி விளம்பரத்துல சக்கைப்போடு போட்டது.)

இப்ப அந்த 1 லட்சம்

சியாவோட சொந்த ஊர் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அஸ்டெக் பேரரசுக்கு ஊர் ஊரா கப்பமாக் கட்டின தானியங்கள்ல இதுவும் ஒண்ணு. இன்னைக்குப் பராகுவே, பொலிவியா, அர்ஜென்டினாவுல பெரிய அளவுல விளையுது. இந்தியாவுல மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தோட முயற்சியால 2010-கள்ல மைசூர் பக்கத்து விவசாயிகள் போட ஆரம்பிச்சாங்க. மத்தியப் பிரதேசத்துல நீமச் மண்டியில இப்ப ஏலத்துக்கே வருது.

இது பகல் பொழுது குறைஞ்சாத்தான் பூக்கிற செடி. அதனால நம்ம நாட்டுல பெரும்பாலும் மழைக்காலம் முடியுற சமயத்துல விதைப்பாங்க. அறுவடைக்கு மூணு நாலு மாசம் ஆகும். அதாவது, ஒரு வயல்ல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் சியா காசு வரும்.

அப்புறம் மாசாமாசம் 5,000 எந்த வயல்ல இருந்து வருது? உங்களுக்கு அப்புறம் சேர்ந்தவரோட 1 லட்சத்துல இருந்து வரலாம். 1 லட்சத்துக்கு மாசம் 5,000னா வருஷத்துக்கு 60 சதவீதம். இந்த லாபம் நிச்சயம்னு தெரிஞ்ச கம்பெனி பேங்க்ல கடன் வாங்கி அதைத் தானே வெச்சுக்காதா? உங்களைத் தேடி ஏன் வரணும்?

விலையும் நிக்காது. 2010-களோட நடுவுல தென் அமெரிக்காவுல எல்லாரும் சியாவையே விதைச்சு, உலகச் சந்தையில விலை சரிஞ்சது. ராகி, எள், நிலக்கடலைக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்குது. சியா அந்தப் பட்டியல்லயே இல்ல. 'திருப்பி வாங்கிக்குவோம்'ங்கிற பேச்சு நமக்குப் புதுசும் இல்ல. 2012-ல ஈரோடு, பெருந்துறை பக்கம் ஈமு கோழியில பணம் போட்டவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

'விவசாய வருமானம், டாக்ஸ் இல்ல'ன்னும் சொல்லுவாங்க. ஒரு கம்பெனி மாசாமாசம் தர்ற நிலையான தொகை, பேர்ல பண்ணை இருக்குங்கிறதுக்காக விவசாய வருமானம் ஆகிடாது. எங்க பேர்ல நிலம், சர்வே நம்பர் என்ன, பலபேர்கிட்ட பணம் திரட்டுறதுக்கு செபி பதிவு இருக்கா, போன வருஷம் எந்த மண்டியில எவ்வளவு வித்தீங்க, பில் காட்டுங்க. இதை மட்டும் கேளுங்கன்னு மெயில் எழுதினவருக்குப் பதில் போட்டேன்.

ரெண்டு நாள்ல திரும்ப எழுதினார். சர்வே நம்பர் கேட்டதுமே, "சார், ஆஃபர் இந்த வாரத்தோட முடியுது"ன்னு சொன்னாங்களாம். 1 லட்சம் இன்னும் அவர் அக்கவுண்ட்லயே இருக்கு. அரைக் கிலோ சியா மட்டும் வாங்கியிருக்கார்.