எந்த மருந்து கேட்கும்? கம்ப்யூட்டர் சொல்லுமா?

"ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், எந்த மருந்து கேட்கும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாமே?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. மனநோய் உள்ள வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம்.

யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக உறுதியாக நம்புவது போன்ற நிலையை சைக்கோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். டாக்டர் ஒரு மருந்தைக் கொடுத்துச் சில வாரங்கள் பார்ப்பார். கேட்காவிட்டால் அடுத்தது. இரண்டும் பலன் தராவிட்டால்தான் பொதுவாகக் குளோசபின்; வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இப்படி மாதங்கள் ஓடும்போது படிப்பு, வேலை எல்லாம் போய்விடுகிறது. அதனால்தான் முதலிலேயே காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைத் தேடுகிறார்கள். மூளையில் குளுட்டமேட் என்ற ரசாயனத்தின் அளவு, மூளைப் பகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்பு ஆகியவை அவற்றில் சில.

கம்ப்யூட்டருக்கு இதில் என்ன வேலை? பழைய நோயாளிகளின் டேட்டாவையும் அவர்கள் தேறினார்களா என்பதையும் கொடுத்தால், புரோகிராம் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கும். ஐரோப்பாவில் முதன்முறை நோய் வந்த 334 பேரின் டேட்டாவை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், நான்கு வாரத்தில் யார் தேறுவார் என்பதைச் சுமார் 75 சதவீதம் சரியாகக் கணித்தது. வேடிக்கை என்னவென்றால், அதிகம் உதவியவை வேலையின்மை, குறைந்த படிப்பு போன்ற சாதாரணத் தகவல்கள்!

ஆனால் 'சயின்ஸ்' இதழில் 2024-ல் வந்த ஆய்வைப் பாருங்கள். மனச்சிதைவு மருந்துகளுக்கான ஐந்து சோதனைகளின் டேட்டாவை எடுத்துக்கொண்டார்கள். கற்றுக்கொண்ட அதே சோதனையில் நன்றாகக் கணித்த புரோகிராம், வேறு சோதனையின் நோயாளிகளிடம் காசைச் சுண்டிப் பார்ப்பது போல்தான் இருந்தது.

உங்கள் மெயிலில் உள்ள ஸ்பாம் பில்டரும் இப்படித்தான். நீங்கள் குப்பை என்று காட்டியதைப் பார்த்தே கற்கிறது. அதையே பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டால், அவர் காத்திருக்கும் கடிதத்தையும் குப்பையில் தள்ளிவிடும்.

எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல, வழக்கமான சிகிச்சையில் இன்றுவரை ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், அது மூளையில் கட்டி போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க. இன்டர்நெட்டில் யாராவது இப்படி ஒரு டெஸ்டை விற்றால், "முற்றிலும் வேறு ஆஸ்பத்திரியின் நோயாளிகளிடம் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். அதற்காகக் கொடுத்துவரும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.