லேப்டாப்புக்குள்ளே ஒரு பிரிவென்டர்!



எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்தை இங்கே எழுதுகிறேன். கூத்து என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு அக்கா அழுதே விட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா, தான் பயன்படுத்திய பழைய லேப்டாப்பை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அக்கா தர்மபுரியில் காலேஜ் கடைசி வருஷம். புராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி "ஃபார்ம்வேர் அப்டேட் தயார்" என்று திரையில் வந்தது. அக்கா தூங்கிவிட்டாள். நான்தான் பெரிய இஞ்சினியர் மாதிரி 'சரி' பட்டனை அழுத்தினேன்.

ஃபார்ம்வேர் என்றால் என்ன? விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் பவர் பட்டனை அழுத்தியவுடன் "கீபோர்டு இருக்கிறதா, மெமரி இருக்கிறதா, விண்டோஸ் எங்கே இருக்கிறது" என்று பார்ப்பதற்கு அதற்கும் முன்னால் ஒரு சின்ன புரோகிராம் ஓட வேண்டும். அது மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு குட்டி சிப்பில் இருக்கிறது. இதைத்தான் பயாஸ் என்கிறோம். ஃபார்ம்வேர் என்ற சொல்லை 1967-ல் ஆஷர் ஓப்லர் என்பவர் முதலில் எழுதினார். ஹார்டுவேரும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை, நடுவில் இருப்பது என்று அர்த்தம்.

அந்தச் சிப்பை அழித்து எழுதும்போது கரண்ட் போனால் லேப்டாப் எழுந்திருக்கவே இருக்காது. அதனால்தான் "சார்ஜரைச் செருகி வையுங்கள்" என்று திரையில் எச்சரிக்கை வரும். எங்கள் சார்ஜர் ஏற்கனவே லூஸ். நடுவில் கழன்றுவிடுமோ என்று பயந்து, முனையை நன்றாகத் திருகி, அழுத்தி, அட்டையை மடித்து அடியில் முட்டுக் கொடுத்து, ரப்பர் பேண்டும் போட்டேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் நல்லபடியாக முடிந்தது. காலையில் அக்கா திறந்தாள். ஒரு எழுத்து தட்டினால் அது திரையில் வருவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். "டேய், என் லேப்டாப்பை என்னடா பண்ண?" என்று ஒரே சத்தம். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த அண்ணன் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்டேட் போட்டு கெடுத்துட்டீங்க, ஃபார்மட் அடிக்கணும், அப்பவும் சரியாகலன்னா மதர்போர்டு" என்றார். ஃபார்மட் அடித்தால் ரிப்போர்ட் போய்விடும். பென் டிரைவில் காப்பி எடுக்கலாம் என்று போட்டால், நகர்வேனா என்றது. அப்போதுதான் அக்கா அழுதாள்.

வீட்டுக்கு வந்து நம் கணினி சாருக்குப் போன் செய்தேன். சார் திட்டவில்லை. "ஸ்பீடு எவ்வளவு காட்டுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடையிலும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

நண்பர்களே, பார்ப்பது மிகவும் சுலபம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் 'பேஸ் ஸ்பீடு', 'ஸ்பீடு' என்று இரண்டு எண்கள் இருக்கும். எங்களுடையதில் பேஸ் ஸ்பீடு 2.40 கிகாஹெர்ட்ஸ், ஓடிக்கொண்டிருந்த ஸ்பீடு 0.79. அதாவது வினாடிக்கு 240 கோடி முறை துடிக்க வேண்டிய பிராசசர் 79 கோடி முறைதான் துடித்தது. (சும்மா இருக்கும்போது எல்லா லேப்டாப்பும் ஸ்பீடைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஓடவிட்டோம். 0.79 அசையவே இல்லை.)

வைரஸ் வந்திருந்தாலோ மெமரி பத்தாமல் இருந்தாலோ ஸ்பீடு இப்படி ஒரே எண்ணில் ஆணி அடித்த மாதிரி நிற்காதாம். "யாரோ பிரேக்கைப் பிடிச்சிருக்காங்க. சார்ஜரைப் பிடுங்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றார் சார். பிடுங்கினேன். ரீஸ்டார்ட் செய்தேன். 2.6! லேப்டாப் பறந்தது. மறுபடி சார்ஜரைச் செருகினேன். 0.79!

எனக்குத் தலை சுற்றியது. திண்ணையில் வெற்றிலைக் கட்டு போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சார் சொன்ன விளக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். அப்பா சிரித்துவிட்டு, "நம்ம மோட்டார் பிரிவென்டர் மாதிரிடா" என்றார். இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கிணற்று மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வர வேண்டும். ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் சூடாகி காயில் கருகிவிடும். அதற்கு முன்பே ஸ்டார்ட்டரில் இருக்கும் பிரிவென்டர் கட் பண்ணிவிடும். அதே மாதிரி பிராசசரிலும் 'ப்ராக்ஹாட்' என்று ஒரு கம்பி இருக்கிறது. 'பிராசசர் சூடு' என்பதன் சுருக்கம். பிராசசர் சூடானால் அது ஸ்பீடைக் குறைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பல லேப்டாப்புகளில் இந்தக் கம்பி வழியாக வெளியிலிருந்தும் "மெதுவாப் போ" என்று சொல்லலாம். பேட்டரி, ஃபேன், சார்ஜர் மூன்றையும் கவனிக்கும் இன்னொரு குட்டி சிப் மதர்போர்டில் இருக்கிறது. அதற்குச் சந்தேகம் வந்தாலும் பிராசசரை அடக்கிவிடும். மோட்டார் ஒரேயடியாக நின்றுவிடும், லேப்டாப் நிற்காமல் நொண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சார்ஜர் மேல் என்ன சந்தேகம்? சார்ஜர்களில் 45 வாட், 65 வாட், 90 வாட் என்று வகை உண்டு. எங்களுடையது மாதிரி உருண்டை முனை சார்ஜர் சிலவற்றில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். கரண்ட் வருவது சுற்றி இருக்கும் உலோகத்தில். ஊசி, "நான் 65 வாட் சார்ஜர்" என்று அறிமுகம் செய்துகொள்ள மட்டும். அறிமுகம் வரவில்லை என்றால் லேப்டாப் பயந்துகொள்ளும். அதிகம் இழுத்தால் சார்ஜர் தாங்காதோ என்று பேட்டரிக்கு ஏற்றாது, பிராசசரையும் அடக்கிவிடும். எங்கள் பேட்டரி காலையிலிருந்து 61 சதவீதத்திலேயே நின்றதை அப்போதுதான் கவனித்தோம். பயாஸ் பக்கத்திற்குள் போய்ப் பார்த்தால், சார்ஜர் வகை என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது.

டார்ச் அடித்து முனையைப் பார்த்தேன். ஊசி ஒரு பக்கமாக வளைந்து படுத்திருந்தது. மேலே ஒரு வரியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதேதான்! அப்டேட் பாவம், ஒரு தப்பும் பண்ணவில்லை. அப்டேட்டுக்காக நான் கொடுத்த முட்டுதான் ஊசியை வளைத்தது. அப்டேட்டுக்கு அப்புறம் மெதுவாச்சு என்றதும், அப்டேட்டால்தான் மெதுவாச்சு என்று கடைக்கார அண்ணன் முதல் நான் வரை எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

அன்று பேட்டரியிலேயே அக்கா ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் ஏற்றினாள். எதிர் வீட்டு அண்ணனிடம் அதே மாடல் சார்ஜர் இருந்தது, அதைச் செருகிப் பார்த்தோம். ஸ்பீடு இறங்கவில்லை, பேட்டரியும் ஏறியது. பிறகுதான் காசு கொடுத்து அதே வாட் சார்ஜர் வாங்கினோம்.

இன்னொரு விஷயம். இந்த பிரேக்கையே அணைத்துவிடும் சாஃப்ட்வேர் இருக்கிறது என்று வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான். உண்மைதான், இருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, "பிரிவென்டரை எடுத்துட்டு நேரா ஒயர் கட்டினவன் மோட்டாரை அடுத்த வாரமே காயில் கட்டத்தான் கொண்டு போனான்" என்றார். நான் அந்த சாஃப்ட்வேர் பக்கமே போகவில்லை.

அதற்காக அப்டேட்டால் மெதுவாகவே ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு ஓட்டைகள் பிராசசர்களிலேயே இருப்பது வெளியே தெரிந்தது. ஒரு புரோகிராமின் ரகசியத்தை இன்னொரு புரோகிராம் எட்டிப் பார்க்க முடியும் என்ற ஆபத்து. அதை அடைக்க வந்த அப்டேட்டுகள் சில கம்ப்யூட்டர்களை நிஜமாகவே மெதுவாக்கின. பழைய பிராசசரில் விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியும் என்று மைக்ரோசாஃப்ட்டே அப்போது சொன்னது. சில கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியதால், இன்டெல் கம்பெனி ஜனவரி 22 அன்று தன் அப்டேட்டை நிறுத்தி வைக்கச் சொன்னது. நம் அண்ணன்கள், அக்காக்கள் வாங்கிய அரசு லேப்டாப்புகளில் (2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம்) பலவும் அந்தக் காலத்துப் பிராசசர்கள்தான். ஆனால் அந்த வகை மெதுவில் டாஸ்க் மேனேஜர் ஸ்பீடு 0.79-ல் ஒட்டிக்கொள்ளாது. எண் சரியாகவே இருக்கும், வேலை மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.

எண் அடியில் ஒட்டிக்கொண்டு, சார்ஜரைப் பிடுங்கினாலும் ஏறவில்லை என்றால்? அந்தக் குட்டி சிப் பழைய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். ஷட்டவுன் செய்தாலும் அது பேட்டரியில் விழித்தே இருக்கும். ஷட்டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பயாஸில் 'டிஃபால்ட்' கொடுத்துப் பார்க்கலாம் என்று சார் சொன்னார். எங்களுக்குத் தேவைப்படவில்லை. பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் சில லேப்டாப்புகள் 48 இலக்க பிட்லாக்கர் எண் கேட்கும் என்றும் சொன்னார். அதை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைக்காதவர்கள் பாடு திண்டாட்டம்தான். நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஏதோ அதிர்ஷ்டம், எங்களுடையது கேட்கவில்லை.

அக்கா திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள். பழைய சார்ஜர் என் பையில்தான் இருக்கிறது. வளைந்த ஊசியைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் இடைவேளையில் பிளஸ் டூ வகுப்புக்கு வரலாம்.

இப்படிக்கு,
பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு மாணவன்,
கடத்தூர்.